கிறிலைத் தானாக மூடித் திறக்கும் கதவு: நமது வெயிலுக்கும் வீதிக்கும் பொருந்துமா?

கல்லடிவாசி

அனைவருக்கும் வணக்கம். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகி, அடுத்த மாதம் கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தரப்பட்ட காலத்தில், எனது காருக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். தட்டுப்பாடு நீங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. டயர்க் காற்று, எயார் பில்டர், டிக்கியில் கிடந்த வேண்டாத சுமை ஆகியவற்றையெல்லாம் சரிசெய்த பிறகு, எஞ்சியிருப்பது காற்றுத்தடைதான் என்ற இடத்துக்கு வந்திருக்கிறேன்.

காரின் முகப்புக் கிறிலுக்குள் புகும் காற்று ஏ.சி. வாயுவைக் குளிர்விக்கும் கன்டென்சரையும், இயந்திரத்தைக் குளிர்விக்கும் றேடியேற்றரையும் கடந்து, இயந்திர அறைக்குள் முட்டி மோதிச் சுழன்று, அடிப்பக்கமாக வெளியேறுகிறது. அந்த முட்டல் முழுவதும் காரைப் பின்னே இழுக்கும் விசையாகிறது. குளிர்விப்புக்குத் தேவைப்படாத நேரத்திலும் இந்தக் காற்று புகுந்துகொண்டேதான் இருக்கிறது. இதனால்தான் 2011 செவ்ரலே குரூஸ் ஈக்கோ, 2012 போர்ட் போக்கஸ், நான்காம் தலைமுறைப் பிரியஸ் போன்ற கார்களில், தேவைப்படும்போது மட்டும் திறக்கும் தகட்டுக் கதவுகளைக் கிறிலின் பின்னால் பொருத்தினார்கள். யோசனை புதியதும் அல்ல; 1930களின் பக்கார்ட் கார்களில் வெப்பத்துக்கேற்பத் தானாகத் திறக்கும் றேடியேற்றர்க் கதவுகள் இருந்தன.

இதனை வீட்டிலேயே செய்ய எண்ணி, முதலில் மிக எளிய வழியில் இறங்கினேன். பெயர்ப்பலகைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் அட்டையைக் கிறிலின் அளவுக்கு வெட்டி, மேலும் கீழும் முழுவதுமாக அடைத்து, கேபிள் ரையால் இறுக்கிக் கட்டினேன். ஓகஸ்ட் மாதம், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நண்பகலில், அம்மாவை ஏற்றிக்கொண்டு பொலன்னறுவையிலிருந்து திரும்பினோம். மன்னம்பிட்டியைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் ஏ.சி. குளிர் குறைந்தது, பின்பு வெறும் காற்று மட்டுமே வந்தது. காரின் அளவுகளைக் காட்டும் புளூடூத் கருவியில் கூலன்ற் (இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்) வெப்பநிலை 104 பாகை காட்டியது. மரநிழலில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டபடியே பொனெட்டைத் திறந்தேன். கேபிள் ரையை வெட்டக் கையில் எதுவும் இல்லை. அம்மா தனது வெற்றிலைப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினார். ஆறு கட்டுகளையும் அதனால்தான் வெட்டினேன். அட்டையை இழுத்த கணமே விசிறியின் இரைச்சல் மாறியது. சில நிமிடங்களில் வெப்பநிலை 95க்கு இறங்கியது. அட்டையின் உட்பக்கம் வெந்நீரில் போட்டதுபோல் நெளிந்திருந்தது.

இனி நிரந்தர அடைப்பு வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். தேவைக்கேற்பத் தானே திறக்கவும் மூடவும் வேண்டும். ஏதாவது பழுதானால் திறந்த நிலையில் நிற்க வேண்டும். 1500 சி.சி. பெற்றோல் கார், ஓட்டோ கியர். எந்த மோட்டர், எந்தச் சென்சர், எந்த ஒழுங்கு என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வாவிக்கரை

நண்பரே, செய்வதற்கு முன் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. காற்றைக் கிழிக்க உங்கள் காரின் வடிவம் எவ்வளவு தடை தருகிறது என்பதைக் காட்டும் தடைக்குணகத்தை 0.30 என்றும், முகப்புப் பரப்பை 2.1 சதுர மீற்றர் என்றும், காரின் எடையை 1100 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 கிலோமீற்றரில் காற்றுத்தடை ஏறத்தாழ 138 நியூற்றன். டயர்களின் உருளல் தடை ஏறத்தாழ 120 நியூற்றன். கிறிலை அடைப்பதால் காற்றுத்தடையில் நூற்றுக்கு 5 குறைகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது 7 நியூற்றன். மொத்த இழுவையில் நூற்றுக்கு 2.7. இயந்திரத்தின் உள் உராய்வு இதனால் குறையப் போவதில்லை. ஆகவே பெற்றோலில் நூற்றுக்கு 2 அளவே எதிர்பார்க்கலாம். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் கார் மாதம் 1500 கிலோமீற்றர் ஓடினால், சேமிப்பு ஒரு லீற்றரும் முக்காலும்கூட இல்லை.

இதே கணக்கை 50 கிலோமீற்றருக்குப் போட்டால் காற்றுத்தடை 70 நியூற்றனாகப் பாதியாகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, சாய்ந்தமருது என்று ஊர் முடியாமல் ஊர் தொடரும் நமது கரையோர வீதியில் அதற்கு மேல் ஓடவும் முடியாது, ஓடவும் கூடாது. நகருக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லையே 70தான்; கிழக்கில் அதிவேகப் பாதையும் இல்லை. அப்படியானால் இது பயன்படும் இடம் ஓட்டமாவடியைக் கடந்து புணானை, வெலிக்கந்தைப் பக்கம் போகும் வீதியும், மகா ஓயாப் பக்கத்து வீதியும் போன்ற ஆள் குறைந்த நீண்ட ஓட்டங்கள்தான்.

ஒன்றை மட்டும் உங்கள் பக்கம் சேர்த்துச் சொல்ல வேண்டும். கச்சான் காலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது, எதிர்காற்று 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், 70இல் ஓடும் கார் 90இல் கிழிக்கும் காற்றை எதிர்கொள்கிறது. தடை 138இலிருந்து 228க்கு ஏறுகிறது. அந்த நேரத்தில் அடைப்பின் பயனும் அதே விகிதத்தில் ஏறும். ஆனால் அதே நேரத்தில்தான் ஏ.சி.யும் முழு மூச்சில் ஓடும்.

நிந்தவூரான்

தம்பி கல்லடிவாசி, முதலில் அம்மாவின் பாக்குவெட்டிக்கு நன்றி சொல்லுங்கள். இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் ஹெட் காஸ்கெற், அதாவது இயந்திரத்தின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு, போயிருக்கலாம். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால், லேத்தில் கொடுத்துச் சீவி எடுக்கும் செலவு உங்கள் பத்தாண்டுப் பெற்றோல் சேமிப்பை விழுங்கிவிடும். முப்பது ஆண்டுகளாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து மூன்று விடயங்களைச் சொல்கிறேன்.

உங்கள் காரை முதலில் வருத்தியது இயந்திரம் அல்ல, கன்டென்சர். றேடியேற்றரின் முன்னால் நிற்பது அதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் கூலன்ற் வெப்பநிலையை மட்டுமே பார்ப்பார்கள், ஏனெனில் அங்கே ஆண்டில் பாதி நாள் ஏ.சி. போடுவதில்லை. இங்கே அப்படியல்ல. கன்டென்சர் 50 பாகையில் நின்றால் ஏ.சி.க்குள் சுழலும் ஆர்-134ஏ வாயுவின் அழுத்தம் 13 பார் அளவு. அது 60 பாகைக்கு ஏறினால் 17 பாருக்கு அருகில். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகக் கம்பிரசரைச் சுழற்றுவதும் உங்கள் பெற்றோல்தான். கிறிலில் மிச்சம் பிடித்ததைக் கம்பிரசருக்குக் கொடுத்துவிட்டு, வெப்பக் காற்றையும் வாங்கிக்கொள்வீர்கள். ஆகவே ஏ.சி. ஓடும்போது கீழ்க்கிறில் கட்டாயம் திறந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அடுத்தது மோட்டர். கதவுப் பூட்டு மோட்டரை வாங்க எண்ணியிருப்பீர்கள். மலிவானது, எந்தப் பாகங்கள் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது ஒரு நொடித் துடிப்புக்காகச் செய்யப்பட்டது, தொடர்ந்து மின்சாரம் கொடுத்தால் எரிந்துவிடும். திருகுத்தண்டு மோட்டர் பலமானது. ஆனால் மின்சாரம் அறுந்தால் இருந்த இடத்திலேயே நிற்கும், மூடிய நிலையில் அறுந்தால் மூடியே நிற்கும். நீங்கள் கேட்ட “பழுதானால் திறக்க வேண்டும்” என்ற ஒழுங்குக்கு இரண்டும் பொருந்தா.

எனது ஆலோசனை வெற்றிட டயபிராம். பழைய ஜப்பான் கார்களின் ஹீற்றர்க் கதவுகளை இழுக்கும் வட்டச் சிமிழ் இருக்கிறதல்லவா, அதுதான். பழைய இரும்புக் கடைகளில் கழற்றித் தருவார்கள். அதனுடன் மின்சாரத்தில் இயங்கும், மூன்று வாய் கொண்ட ஒரு வெற்றிட வால்வையும் கழற்றி எடுங்கள். இயந்திரத்துக்குள் காற்றுப் போகும் குழாயான இன்ரேக் மனிபோல்டின் வெற்றிடம் டயபிராமை இழுத்துக் கதவை மூடும். வெற்றிடம் இல்லாதபோது ஸ்பிரிங் திறக்கும். வயர் அறுந்தாலும், குழாய் வெடித்தாலும், பியூஸ் போனாலும் திறக்கும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. சமவெளியில் மெல்ல அழுத்தி ஓடும்போது மனிபோல்டில் வெற்றிடம் நிறைய இருக்கும். மேட்டில் ஏறும்போதும் முந்தும்போதும் அது விழுந்துவிடும். மகியங்கனையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், வெப்பநிலை கூடுவதற்கு முன்பே கதவு தானாகத் திறந்துவிடும். அதற்கு எந்தச் சென்சரும் வேண்டாம்.

பிரேக் பூஸ்ரருக்குப் போகும் தடித்த குழாயில் மட்டும் கை வைக்காதீர்கள். மனிபோல்டின் வேறொரு சிறு வாயிலிருந்து எடுங்கள்.

கல்லடிவாசி

நானா, மிக்க நன்றி. நான் சேர்வோ மோட்டருக்கு ஓடர் கொடுக்கும் நிலையில் இருந்தேன், நிறுத்திவிட்டேன். வால்வுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதை மட்டும் விளக்கிச் சொல்லுங்கள்.

நிந்தவூரான்

உங்கள் காரே அதனைச் சொல்கிறது. றேடியேற்றர் விசிறியின் வயரைக் கேளுங்கள். இயந்திரம் சூடானாலும் விசிறி ஓடும், ஏ.சி. கம்பிரசர் பிடித்தாலும் விசிறி ஓடும். ஐந்து கால் ரிலே ஒன்றை எடுத்து, அதன் சுருளை விசிறி வயருடன் இணைத்து, வழமையாக மூடியிருக்கும் காலின் வழியே இக்னிஷன் மின்சாரத்தை வால்வுக்குக் கொடுங்கள். விசிறி சும்மா இருக்கும்போது கதவு மூடும். விசிறி ஓடினால் ரிலே இழுத்து வால்வின் மின்சாரத்தை அறுக்கும், கதவு திறக்கும். சில கார்களில் விசிறியின் எதிர்மின் பக்கத்தைத்தான் கட்டுப்படுத்துவார்கள்; ஆகவே வயரை வெட்டுவதற்கு முன் சோதனை விளக்கை வைத்துப் பாருங்கள். 5 அம்பியர் பியூஸ் போதும்.

ஒலுவில்_மாணவி

நானா சொன்ன ஒழுங்கு மிக அழகானது. அதில் ஒரு குறையை மட்டும் சுட்டிக்காட்ட அனுமதி கேட்கிறேன். விசிறி ஓடிக் கதவு திறந்ததும் காற்று பாய்ந்து வெப்பநிலை இறங்கும்; விசிறி நின்றதும் கதவு உடனே மூடும்; மீண்டும் சூடாகும், மீண்டும் விசிறி ஓடும். நண்பகலில் இது சில நிமிடங்களுக்கு ஒருமுறை நடந்துகொண்டே இருக்கும். கதவின் அச்சும் தேயும். திறந்த கிறிலில் இலவசமாகக் கிடைத்திருக்கும் காற்றுக்குப் பதிலாக விசிறியை மின்சாரத்தில் ஓட்டியதாகவும் முடியும்.

எனவே திறக்கும் எல்லைக்கும் மூடும் எல்லைக்கும் இடையே இடைவெளி வேண்டும். கூலன்றை றேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ரற் வால்வு 82 பாகையில் திறக்கத் தொடங்கும் காரென்றால், 91க்கு மேல் திறப்பது, 86க்குக் கீழே இறங்கிய பின்னரே மூடுவது என்று வைக்கலாம். விசிறி ஓடத் தொடங்குவதற்கு முன்பே கதவு திறந்துவிடும். நிரல் எழுதி இயக்கும் சிறு ஆர்டுவினோ நானோ மின்னணுப் பலகை இதற்குப் போதும்; வால்வுக்குப் போகும் மின்சாரத்தை அதன் ரிலேயின் வழியாகத் தொடராக எடுத்தால், பலகையும் விசிறி ரிலேயும் இரண்டும் சம்மதித்தால் மட்டுமே கதவு மூடும். பலகை செயலிழந்தாலும் நானாவின் ரிலே காவலுக்கு நிற்கும்.

சென்சரை றேடியேற்றரின் மேல்குழாயின் வெளியே ரேப்பால் ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இறப்பர் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், உள்ளே இருக்கும் வெப்பநிலையைவிடச் சென்சர் குறைவாகவும் தாமதமாகவும் காட்டும். அந்தக் குழாய் இயந்திரத்தில் பொருந்தும் உலோகக் கழுத்தில், வெளிக்காற்றுப் படாதபடி மூடிக் கட்டுவது சிறந்தது. பிறகு புளூடூத் கருவி காட்டும் அளவுடன் பல வெப்பநிலைகளில் ஒப்பிட்டு, வேறுபாட்டை நிரலில் திருத்திக்கொள்ளலாம்.

வெல்லாவெளிக்காரன்

நான் படுவான்கரைப் பக்கம். இங்கே வெள்ளாண்மை வெட்டுக் காலத்தில் நெல்லை வீதியோரத்தில்தான் காயப் போடுவார்கள். மெஷின் வெட்டிய வயலிலிருந்து வரும் வைக்கோல் தூசும் பதரும் காற்றில் நிறைந்திருக்கும். போன பெரும்போக அறுவடைக்குப் பிறகு எனது வானின் ஏ.சி. குளிரவில்லை என்று கழற்றிப் பார்த்தபோது, கன்டென்சரின் முகம் முழுவதும் மெத்தை விரித்ததுபோல் பதர் ஒட்டியிருந்தது. தண்ணீரை உள்ளிருந்து வெளியே அடித்துக் கழுவிய பிறகே சரியானது.

கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்தத் தூசு உள்ளே போகாது என்பது எனக்குப் பெற்றோல் மிச்சத்தைவிடப் பெரிய பயனாகத் தெரிகிறது. அதே வேளை, தகடுகளின் இடுக்கில் பதர் சிக்கினால் கதவு இறுகிவிடும். தகடுகளுக்கு இடையே சிறிது இடைவெளி விட்டே செய்யுங்கள். காற்றுப் புகாமல் இறுக்க முயல வேண்டாம்.

எனது வான் டீசல். அதற்கும் இந்த வெற்றிட முறை சரிவருமா?

நிந்தவூரான்

டீசல் இயந்திரத்தின் மனிபோல்டில் அப்படிப்பட்ட வெற்றிடம் கிடையாது. பிரேக்குக்காகத் தனி வெற்றிடப் பம்ப் வைத்திருப்பார்கள். அதிலிருந்து எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மேற்கிறிலுக்கு மட்டும் கையால் இழுக்கும் சைக்கிள் பிரேக் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாறை_அக்குவா

வணக்கம். எனது டொயோட்டா அக்குவாவில் வெப்பநிலை முள்ளே இல்லை. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும்தான். இதற்கும் இதே முறையில் செய்யலாமா?

ஒலுவில்_மாணவி

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஹைபிரிட் காரில் குளிர்விக்க வேண்டியவை இரண்டு: இயந்திரம் ஒன்று, பற்றரி மின்சாரத்தை மின்மோட்டருக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வேர்ட்டர் மற்றொன்று. இன்வேர்ட்டருக்கென்று தனிக் கூலன்றும் தனி மின்பம்பும் உண்டு. அது இயந்திரத்தைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில் இருக்க வேண்டிய பொருள். இயந்திரம் நின்று மின்மோட்டரில் ஓடும்போது இயந்திரக் கூலன்ற் குளிர்ந்தே இருக்கும், ஆனால் இன்வேர்ட்டர் சூடேறிக்கொண்டிருக்கும். ஒரே சென்சரை நம்பினால் கதவு தவறான நேரத்தில் மூடும். இயந்திரம் நின்றால் மனிபோல்டில் வெற்றிடமும் இல்லை. சிவப்பு விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும்.

கல்லடிவாசி

நான்கு வார வேலைக்குப் பிறகு எழுதுகிறேன். கதவு ஓடுகிறது.

மேற்கிறிலை நிரந்தரமாக அடைத்துவிட்டேன். அதற்கு முன், நண்பகலில் ஏ.சி. துவாரத்தில் வெப்பமானியைச் செருகி, அடைத்தும் அடைக்காமலும் ஒரே வீதியில் ஓடிப் பார்த்தேன். குளிரில் வேறுபாடு இல்லை. எனது காரில் மேற்கிறிலின் பின்னால் பெரும்பகுதி பம்பர்ச் சட்டமே இருப்பதால் அந்தக் காற்று கன்டென்சரைச் சேர்வதே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அடைக்க எண்ணும் எவரும் முதலில் பொனெட்டைத் திறந்து, எந்தத் துவாரத்தின் பின்னால் என்ன இருக்கிறது என்று ரோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கீழ்க்கிறிலின் திறப்பு 60 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம். பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சிய மூன்று மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் மூன்று பட்டிகள் வெட்டினேன். ஒவ்வொரு பட்டியும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. அச்சை நடுவில் வைக்காமல் சிறிது மேலே வைத்தேன். கீழ்ப்பகுதி நீளமானது என்பதால் எதிரே வரும் காற்றே பட்டியைத் திறக்கும் பக்கம் தள்ளுகிறது. 70 கிலோமீற்றரில் அந்தத் திறப்பு முழுவதிலும் காற்று தரும் விசை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஒரு பங்கைத்தான் டயபிராம் எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று பட்டிகளையும் ஒரே கம்பியால் இணைத்து, டயபிராமின் தண்டைப் பம்பரின் பின்னால் இடப்பக்கம் மாட்டினேன்.

முதல் வாரத்தில் ஒரு சிக்கல் வந்தது. கடற்கரைக்கு அருகில் வீடு; ஸ்போக்ஸ் கம்பி ஏழாம் நாளே துருப்பிடித்து, நடுப்பட்டி பாதியில் நின்றது. ஸ்பிரிங் பலமாக இருந்தபடியால் பாதி திறந்தே நின்றது, மூடி நிற்கவில்லை. துருப்பிடிக்காத உருக்குக் கம்பி வாங்கி மூன்றையும் மாற்றினேன். அச்சுத் துளைகளுக்குள் பேனா மைக்குழாயில் வெட்டிய சிறு துண்டுகளைச் செருகினேன். அதன் பிறகு விரலால் தொட்டாலே பட்டி சுழல்கிறது.

அளவீட்டை வாவிக்கரை நண்பர் சொன்ன ஐயத்தை மனதில் வைத்துச் செய்தேன். ராங்கை நிரப்பிக் கணக்கிடுவது இவ்வளவு சிறு வேறுபாட்டைக் காட்டாது. பெற்றோல் செட்டின் பம்ப் எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலேயே அவ்வளவு பிழை வந்துவிடும். எனவே காற்றில்லாத அதிகாலையில், ஓட்டமாவடியிலிருந்து வெலிக்கந்தை வரையும் திரும்பியும், ஏ.சி. இல்லாமல், கண்ணாடிகளை மூடி, 65இல் ஓடினேன். கதவு திறந்து ஒரு சுற்று, மூடி ஒரு சுற்று, மறுபடி திறந்து ஒரு சுற்று. கருவி காட்டியவை முறையே லீற்றருக்கு 17.6, 18.0, 17.7 கிலோமீற்றர். முதலாவதும் மூன்றாவதும் நெருங்கி வந்ததால்தான் நடுவில் உள்ளதை நம்புகிறேன். கணக்கும் காரும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. அக்கரைப்பற்றுக்குப் போய்வரும் நாள்களில் எந்த வேறுபாட்டையும் என்னால் காண முடியவில்லை.

ஏ.சி. போட்டால் கதவு திறந்தே இருக்கிறது என்பதால், பகல் ஓட்டத்தில் இதன் பயன் மிகக் குறைவு. ஆனால் கொழும்புக்குப் போகும் நாள்களில் அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படுவது எங்கள் வழக்கம், விடியும்வரை ஏ.சி. தேவைப்படுவதில்லை. அந்த மூன்று மணி நேரமும் கதவு மூடியே ஓடுகிறது. கூலன்ற் 86க்கும் 90க்கும் இடையே அசையாமல் நிற்கிறது.

வாவிக்கரை

மூன்று சுற்று ஓடி அளந்ததற்குப் பாராட்டுகள். ஒரே ஒரு வேண்டுகோள்: கச்சான் காலத்து நண்பகலில், ஏ.சி. போட்டபடி, கதவு முழுமையாகத் திறக்கிறதா என்பதை ஒருமுறை சோதித்து எழுதுங்கள். அம்மாவுடன் நின்ற அதே இடத்தில்.

கல்லடிவாசி

நேற்றுப் போய்வந்தேன். மன்னம்பிட்டிப் பாலத்துக்கு இப்பால், பகல் பன்னிரண்டரை மணி, ஏ.சி. முழு வேகத்தில். காரை ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன்; மூன்று பட்டிகளும் படுத்துக் கிடந்தன, கன்டென்சரின் முகம் முழுவதும் தெரிந்தது. கூலன்ற் 93. நடுப்பட்டியின் ஓரத்தில் இரண்டு வைக்கோல் துரும்பு சிக்கியிருந்ததை எடுத்துவிட்டேன். அந்தப் பட்டியை இரண்டு மில்லிமீற்றர் குறைத்து வெட்டி, இந்தச் சனிக்கிழமை மீண்டும் மாட்டுவேன்.